பத்து செகண்டுக்கு ஒரு கடி

முப்பத்துநாலு மரம். முப்பத்துநாலிலும் புழு.

லேப்டாப் திரையில் வரிசையாகச் சிவப்புப் பொட்டுகள். ஹம்னா மேலிருந்து கீழே பார்த்தாள். கீழிருந்து மேலே பார்த்தாள். பேருக்கு ஒரு பச்சைகூட இல்லை.

"என்னட்டி, வாயைத் திறக்காம நிக்க? என்ன சொல்லுது உன் பெட்டி?"

கேட்டவள் மங்களேஸ்வரி. இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் கிளார்க். தோளில் கைப்பை, கையில் ஸ்கூட்டர் சாவி என்று வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே தன் தென்னந்தோப்புக்கு நடுவே நின்றாள்.

"எல்லா மரத்துலயும் இருக்குன்னு காட்டுது, அக்கா."

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

மங்களேஸ்வரி கிழக்கு வரிசையை அண்ணாந்து பார்த்தாள். பன்னிரண்டு வருஷ மரங்கள். குலை தள்ளி, காய்ப்பில் நிற்கிற மரங்கள்.

"இதைத்தானே சொரிமுத்து ஒரு மெஷினும் இல்லாம சொன்னான்?" என்றாள்.



விவகாரம் இதுதான். போன மாசம், காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில், அந்த வரிசையின் கடைசி மரம் கொண்டை முறிந்து விழுந்தது. உள்ளே சிவப்புக் கூன்வண்டின் புழு. கட்டைவிரல் தண்டி. வெளியே ஆளுக்குத் தெரியாமல் உள்ளுக்குள்ளேயே மரத்தைத் தின்று தீர்க்கிற ஜாதி. பார்க்க வந்த வேளாண் அதிகாரி, "புழு விழுந்த மரத்தை வெட்டி எரிச்சிருங்க, நல்ல மரம் நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். மிச்சமிருக்கிற முப்பத்துநாலில் எது நல்ல மரம் என்று அவர் சொல்லவில்லை. மரம் வெட்டும் சொரிமுத்து சொன்னார். "வரிசையே காலி. மொத்தமா வெட்டுனாத்தான் மத்த தோப்பு பிழைக்கும்." வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு ரம்பத்தோடு வருவதாக நாளும் குறித்துவிட்டார். அந்த வரிசை போனால் மங்களேஸ்வரிக்கு மிஞ்சுவது காய்ப்பு ஓய்ந்த மரங்களும் முழங்கால் உயரக் கன்றுகளும்தான்.

நடுவில் புகுந்தவள் ஹம்னா. தென்காசிக்காரி, இருபத்தெட்டு வயசு, எலெக்ட்ரானிக்ஸ் படிப்பு. கூடப் படித்த விஜயசங்கரோடு சேர்ந்து சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி செய்திருந்தாள். பெட்டியிலிருந்து நீளுகிற ஆணியை மரத்தில் அடித்தால், உள்ளே புழு நாரைக் கடிக்கிற சத்தம் ஆணி வழியே வரும். பெட்டி அதை மெமரி கார்டில் பதியும். கார்டை லேப்டாப்பில் போட்டால், நொறுக் நொறுக்கென்று எத்தனை கடி என்று அது எண்ணும். நிமிஷத்துக்கு நாலு கடிக்கு மேல் போனால் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை.

மொத்தம் பன்னிரண்டு பெட்டி. நிஜத் தோப்பில் இறக்குவது இதுதான் முதல் தடவை.

இன்றைக்குத் திங்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுதேன், அக்கா."

"இன்னொரு வாட்டி பாத்தா புழு வேற தோப்புக்குப் போயிருமா?" மங்களேஸ்வரி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினாள்.

*

குற்றாலத்தில் சீசன். ஐந்தருவி ரோட்டில் எண்ணெய் தேய்த்த முதுகுகளும் வேன்களும் நகர வழியில்லாமல் நின்றன. நேந்திரம் சிப்ஸ் கடைக்கு மாடியில் இருந்தது இவர்களுடைய பட்டறை. இலஞ்சியிலிருந்து பத்து நிமிஷ தூரம். ஹம்னா வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வந்ததும் ஹெட்போனை மாட்டினாள். முதல் மரத்தின் பதிவை ஓடவிட்டாள்.

நொறுக்.

பக்கத்தில் விஜயசங்கர் கால்மேல் கால் போட்டுச் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

"லே, வாயை மூடு. எது புழு, எது நீன்னு தெரியல."

அவன் வாயை மூடினான். அமைதி. அப்புறம் மறுபடி, நொறுக். அமைதி. நொறுக்.

ஹம்னாவின் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. முள்ளையே பார்த்தபடி கேட்டாள். பத்து செகண்ட். நொறுக். இன்னொரு பத்து. நொறுக். இரண்டாவது மரத்தைப் போட்டாள். அதிலும் பத்து. பதினேழாவது மரம். பத்து!

ஹெட்போனைக் கழற்றி மேஜையில் எறிந்தாள்.

"சங்கர், புழு வாட்ச் கட்டிக்கிட்டா திங்கும்?"

"எங்க சித்தப்பா அப்படித்தான் திம்பாரு. மணி அடிச்சாத்தான் இலைக்கு வருவாரு."

"விளையாடாத. இது கடியே இல்ல. வெட்டு!"

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கிற சிப்புக்கு ஞாபகசக்தி கம்மி. அரை செகண்ட் சத்தத்தைத்தான் கையில் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்குள் கார்டு பழைய சத்தத்தை எழுதி முடித்துவிட வேண்டும். கார்டு அரை செகண்டுக்கு மேல் மலைத்து நின்றுவிட்டால் கையில் இருப்பது வழிந்து போகும். முன்னால் வந்த சத்தமும் பின்னால் வந்த சத்தமும் நடுவில் இருந்த துண்டு தொலைந்துபோய் மோதி ஒட்டும். ஒட்டிய இடத்தில் நொறுக்கென்று ஒரு தெறிப்பு. லேப்டாப்புக்கு அது கடி. பத்து செகண்டுக்கு ஒன்று என்றால் நிமிஷத்துக்கு ஆறு. நாலைத் தாண்டியாச்சு. சிவப்பு!

"அப்போ கார்டுல எழுதுற வேகம் பத்தல," என்றான் விஜயசங்கர்.

"ஆமா. மரத்தைத் திங்கது புழு இல்ல. நம்ம பெட்டி."

"பத்து செகண்டுன்னு கணக்கு எங்கன இருந்து வருது?"

அது ஹம்னாவே வைத்த கணக்கு. தோப்பில் பேட்டரி வயர் பிடுங்கிக்கொண்டால் பதிந்த எல்லாமே போய்விடுமே என்று, பத்து செகண்டுக்கு ஒருதரம் ஒரு ஃபைலை மூடி அடுத்த ஃபைலைத் திறக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தாள். மூடித் திறக்கிற அந்த இடத்தில்தான் கார்டு மலைக்கிறது.

"இவ்வளவுதானே?" என்றாள். "ஒரு நாள் வேலை."

*

செவ்வாய்க்கிழமை முழுக்க அந்த ஒரு நாள் வேலை நடந்தது.

முதலில், சொட்டுச் சொட்டாக எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள். சத்தத்தைச் சேர்த்து வைத்து மொத்தமாக எழுதவைத்தாள். சிப்புக்கும் கார்டுக்கும் இடையில் ஓடுகிற வேகத்தை நாலு மடங்கு ஏற்றினாள். விஜயசங்கர் வயர்களை அரை விரல் நீளத்துக்குக் குறைத்து மறுபடி பற்ற வைத்தான். மேஜையில் ஒரு தென்னங்கட்டையில் ஆணியை அடித்து, தன்னுடைய கார்டைப் போட்டு, ஒரு மணி நேரம் ஓடவிட்டாள்.

ஒரு வெட்டுகூட இல்லை. சுத்தம்.

"ஜெயிச்சாச்சு," என்றான் விஜயசங்கர்.

புதன்கிழமை விடிய ஐந்து மணிக்குத் தோப்பு. அந்த நேரத்தில்தான் ரோட்டில் வண்டி இருக்காது, காற்றும் இருக்காது. பன்னிரண்டு பெட்டி, மூன்று சுற்று. சுற்றுக்கு இருபது நிமிஷம். முடித்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து கார்டுகளை ஒவ்வொன்றாக லேப்டாப்பில் போட்டாள்.

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

முப்பத்துநாலும்.

"ஏ, நேத்து ஓடிச்சே!" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினாள். லேப்டாப் என்ன செய்யும், பாவம்.

பட்டறைக்குத் திரும்பினார்கள். தோப்பில் இருந்து வந்த பெட்டியை மேஜையில் வைத்து, கார்டை லேப்டாப்பில் விட்டுவிட்டு, மேஜைக் கார்டைப் பெட்டியில் செருகி ஓட்டினாள். சுத்தம்! அடுத்த பெட்டி. அதுவும் சுத்தம்.

"பட்டறையில யோக்கியன், தோப்புல திருடன். என்னலே பெட்டி இது?"

"சாரலா இருக்கும்," என்றான் விஜயசங்கர். "ஈரம் ஏறுது."

டப்பாவுக்குப் பாலிதீன் சுற்றினார்கள். வயரில் குறை என்று வயரை மாற்றினாள். பேட்டரி வலு குறைகிறது என்று பேட்டரியை மாற்றினாள். கார்டு போலி சரக்கோ என்று சந்தேகம் வந்தது. தோப்புக் கார்டு ஒன்றில் பெரிய சினிமா ஃபைல் ஒன்றை ஏற்றிப் பார்த்தாள். சல்லென்று ஏறியது. சொன்ன அளவும் சரியாக இருந்தது. வேறெந்த ஃபைலும் உள்ளே இல்லை. காலி. சுத்தமான புது கார்டு.

கார்டு நிரபராதி என்று விடுதலை செய்தாள்.

"எதுக்கும் ஒருதடவை ஃபார்மேட் அடிச்சிருவோமா?" என்றான் விஜயசங்கர்.

ஹம்னா சுவரைக் காட்டினாள். சிவப்பு மையில், அவள் கையெழுத்தில், பட்டறையின் சட்டம் ஒன்று ஒட்டியிருந்தது. 'புது கார்டை ஃபார்மேட் பண்ணாதே.' கம்பெனியில் இருந்து வருகிற கார்டு எழுதுவதற்கு ஏற்ற ஒழுங்கோடு வரும். லேப்டாப்பில் கண்டபடி ஃபார்மேட் செய்தால் அது கெட்டு வேகம் குறையும். போன வருஷம் பட்டுத் தெரிந்துகொண்டது.

"சட்டம் போட்டதே நீதானே. மாத்தக்கூடாதா?"

"இருக்கிற வேகத்தையும் குறைக்கவா சொல்லுத?"

அவன் அடுத்த யோசனையை எடுத்தான். "பத்து செகண்டுல வர்ற நொறுக்கை எல்லாம் கழிச்சிருவோமே. மிச்சம்தான் புழு."

"கழிக்கிற இடத்துலயே நிஜப் புழுவும் கடிச்சிருந்தா? எது புழு, எது ஒட்டுன இடம்னு நான் உக்காந்து பிரிச்சா அது பெட்டி சொன்னது இல்ல, நான் சொன்னது. நாளைக்கு ஒரு மரம் விழுந்தா அக்கா மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

போன் அடித்தது. மங்களேஸ்வரி.

"ஏட்டி, சொரிமுத்து வந்து எல்லா மரத்துக்கும் சுண்ணாம்புல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிட்டான்."

"அக்கா, வெள்ளிக்கிழமை வரைக்கும்..."

"நானும் அதைத்தான் சொன்னேன். 'அந்தப் பிள்ளை பெட்டி எத்தனை மரத்தைக் காட்டிச்சு?'ன்னு கேக்கான். எல்லாத்தையும்னேன். அவன் சிரிக்கான்." குரல் இறங்கியது. "ஒண்ணு சொல்லவா? உன்னைக் கூப்பிடாம இருந்தா எனக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருக்கும். இப்போ அதுவும் போச்சு."

போன் கட்டாயிற்று. கீழே கடையில் எண்ணெய் கொதித்தது.

*

வியாழக்கிழமை விடியலில் மறுபடி ஒரு சோதனை. மறுபடி சிவப்பு. இந்தத் தடவை ஒரு கூடுதல் இழவு. ஏழாம் நம்பர் பெட்டியில் பேட்டரி வயர் பிடுங்கிக்கொண்டு, கடைசி ஃபைல் மூடாமலே செத்துக் கிடந்தது.

"அந்த ஒண்ணையாவது மீட்டுப் பாப்போம். சாகும்போது கார்டு என்ன செஞ்சிட்டிருந்துச்சுன்னு தெரியும்," என்றாள். அழிந்துபோன ஃபைல்களைத் தோண்டி எடுக்கிற சாப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே போனாள்.

திரும்பி வந்தபோது விஜயசங்கர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஹம்னா. ஒரு ஃபைல்தானே தேடின?"

"ஆமா."

"ஆயிரத்து எண்ணூத்தி அறுபத்திரண்டு வந்திருக்கு."

அவள் எட்டிப் பார்த்தாள். நீள நீளமான பெயர்கள். 'ராயகிரி கோவில் கொடை வில்லுப்பாட்டு பகுதி மூணு.' 'கல்யாண நாதஸ்வரம் தாலி கட்டும் நேரம்.' 'பஸ்ல கேக்க சூப்பர் சோகம் நூத்தி எட்டு.'

ஒன்றைத் தட்டினாள். தவில் அதிர்ந்தது. நாதஸ்வரம் பட்டறையைக் கிழித்தது. கீழே சிப்ஸ் கடைக்காரர், "மேல யாருக்குடே கல்யாணம்?" என்று குரல் கொடுத்தார்.

"தென்னை மரத்துக்குள்ள எப்படி மேளக்காரன் போனான்?" என்றான் விஜயசங்கர்.

ஹம்னா மெதுவாக அவன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பன்னிரண்டு கார்டும் எங்கன வாங்கின?"

"ஆன்லைன்ல போட்டது சீசன் டிராபிக்ல மாட்டி லேட்டாச்சுல்லா. அதான் தென்காசி பஜார்ல, அஹ்சன் அண்ணன் கடையில..."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"கார்டு எங்க வாங்கினா என்ன? கார்டு கார்டுதானே!"

மேஜையில் இருந்த அவளுடைய கார்டு மட்டும் ஆன்லைனில் வந்தது. பெட்டியை மாற்றினாள், வயரை மாற்றினாள், பேட்டரியை மாற்றினாள். ஒவ்வொரு தடவையும் தோப்புக் கார்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் கார்டைப் போட்டுத்தான் சோதித்தாள். குற்றவாளியை வெளியே உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வீடு முழுக்கத் தேடியிருக்கிறாள்.

"வண்டியை எடு," என்றாள்.

*

அஹ்சன் மொபைல் கடையில் ஆணிக்கு ஆணி ஹெட்போன் தொங்கியது. அஹ்சன் ஒரு டிராக்டர் டிரைவருக்கு ஸ்பீக்கர் பெட்டி விற்றுக்கொண்டிருந்தார். ஹம்னா கார்டைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, இதுல பாட்டு ஏத்துனீங்களா?"

அஹ்சன் முகம் மலர்ந்தது. "பின்னே? என் கடையில கார்டு பாட்டில்லாம தொங்காது, தங்கச்சி. பாக்கெட் பிரிச்ச உடனே கம்ப்யூட்டர்ல போட்டு ரொப்பித்தான் திரும்ப ஒட்டுவேன்."

"இவன் பாட்டு வேண்டாம்னு சொல்லலையா?"

"சொன்னான்," என்று அஹ்சன் விஜயசங்கரைக் குறையாகப் பார்த்தார். "அதான் பன்னிரண்டு கார்டையும் இவன் கண்ணு முன்னாலயே அழிச்சிக் கொடுத்தேன். எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு. ஒரு சட்டியை ஒரு வீட்டுக்குத் திருப்பிக் குடுக்கணும்னாக்கூட உள்ள ரெண்டு முருங்கைக்காயாவது போட்டுல்லா குடுப்போம்? வெறுங்கார்டை எப்படித் தங்கச்சி கையில தூக்கிக் குடுக்கது?"

"அழிச்சீங்களே, ஃபார்மேட் போட்டீங்களா?"

"அது என்னத்துக்கு? எல்லாத்தையும் செலக்ட் பண்ணி டெலீட். சுத்தம்."

ஹம்னா தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி மேஜையில் சாய்ந்தாள். டிராக்டர் டிரைவர், "பாப்பாவுக்கு மயக்கமா? சோடா வாங்கட்டா?" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு யாரையாவது திட்டணும். யாரைத் திட்டுறதுன்னுதான் தெரியல."

கடை வாசலில் நின்று மங்களேஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, உங்க அட்மிஷன் ரெஜிஸ்டர்ல, டி.சி. வாங்கிட்டுப் போன பிள்ளை பேரை என்ன செய்வீங்க?"

"சிவப்புக் கோடு போட்டு அடிப்போம். எதுக்குக் கேக்க?"

"பக்கத்தைக் கிழிக்க மாட்டீங்கல்லா?"

"ரெஜிஸ்டரைக் கிழிச்சா என்னைக் கிழிச்சிருவாவ."

"அதேதான் அக்கா நம்ம கார்டும். யாரோ ஆயிரத்து எண்ணூறு பாட்டை ஏத்தி அழிச்சிருக்காவ. பேர் எல்லாம் அடிச்சுக் கிடக்கு, பக்கம் அப்படியே இருக்கு. ஒவ்வொரு பேரும் நீளம், ஒண்ணுக்கு நாலஞ்சு வரி. நம்ம பெட்டி ஒரு புது ஃபைலைத் திறக்கணும்னா, இதே பேர்ல ஏற்கெனவே யாரும் இருக்காங்களான்னு முதல் பக்கத்துல இருந்து அடிச்ச வரி எல்லாத்தையும் படிச்சுட்டுத்தான் வருது. ஒன்பதாயிரம் வரி. பத்து செகண்டுக்கு ஒருதரம். அதுக்குள்ள சத்தம் வழிஞ்சு போயிருது."



"அப்போ என் மரத்துல புழு இல்லையா?"

"தெரியல அக்கா. அதைத்தான் சொல்லுதேன். இது வரைக்கும் உங்க மரத்தை நாங்க கேக்கவே இல்ல."

"நாலு நாளு?"

"நாலு நாளும்."

"நல்லா இருப்ப," என்றாள் மங்களேஸ்வரி. வாழ்த்தா, வசவா என்று தெரியவில்லை.

பட்டறைக்குப் போன ஹம்னா முதலில் சுவரில் இருந்த காகிதத்தைக் கிழித்தாள். கார்டுகளுக்கென்றே இருக்கிற முறையான சாப்ட்வேரை வைத்துப் பன்னிரண்டையும் ஒழுங்காக ஃபார்மேட் செய்தாள். புரோகிராமில் பத்து செகண்ட் கணக்கைத் தூக்கி எறிந்தாள். இனி ஒரே ஒரு ஃபைல். இருபது நிமிஷத்துக்கு வேண்டிய இடத்தை ஆரம்பத்திலேயே மொத்தமாக வளைத்துப் போட்டுவிட்டு, நடுவில் மூடாமல், திறக்காமல், யாரையும் தேடாமல், நேராக எழுதிக்கொண்டே போக வேண்டியது.

"வயர் பிடுங்கிச்சுன்னா?" என்றான் விஜயசங்கர்.

"அதுக்குத்தான் நீ இருக்க. பன்னிரண்டையும் பத்த வை. பிடுங்குனா உன் காதைப் பிடுங்குவேன்."

*

வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு முதல் பன்னிரண்டு. ஐந்தே முக்காலுக்கு அடுத்த பன்னிரண்டு. மூன்றாவது சுற்றுக்குப் பத்து மரங்கள் பாக்கி. அந்த நேரம் பார்த்து மலைப்பக்கம் இருந்து சாரல் இறங்கியது.

ஓலையில் விழுகிற சொட்டெல்லாம் ஆணி வழியே கேட்கும். ஹம்னா குடைக்குள் நின்று பல்லைக் கடித்தாள். ஆறரை. ஆறே முக்கால். ஏழு. ஏழு பத்துக்குச் சாரல் விட்டது.

"அடி!"

பத்து மரத்துக்கும் ஓடி ஓடி ஆணி அடித்தார்கள். ஏழு இருபதுக்குத் தோப்பு வாசலில் ஒரு மினி லாரி வந்து நின்றது. சொரிமுத்து இறங்கினார். இறங்கினதும் தொழில் சுத்தமாக ரம்பத்தின் கயிற்றை ஒரே இழுப்பு.

ட்ர்ர்ர்ர்ர்!

"அண்ணாச்சி! அமத்துங்க! அமத்துங்க!" ஹம்னா சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடினாள்.

"ஏழரைக்குன்னுதானே பேச்சு?"

"இன்னும் ஏழரை ஆகலையே! இருபது நிமிஷம். பேச்சுமூச்சு காட்டக்கூடாது."

"மரத்துக்குப் பிரசவமா பாக்க?" என்று கேட்டாலும் ரம்பத்தை அமர்த்திவிட்டு, குத்துக்காலிட்டு பீடியை எடுத்தார் சொரிமுத்து. மங்களேஸ்வரி பக்கத்தில் நின்றாள். அன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள். கையில் இருந்த ஸ்கூட்டர் சாவியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

ஏழு நாற்பத்தைந்து. ரம்பம் உறுமிய ஓரிரு நிமிஷத்தை மட்டும் எண்ணிக்கையில் இருந்து விலக்கிவிட்டு, கடைசிக் கார்டையும் போட்டாள்.

வரப்பில் நாலு தலையும் ஒரு திரைக்கு மேல் கவிந்தன.

ஒன்று, பச்சை. இரண்டு, பச்சை. மூன்று, பச்சை. விஜயசங்கர் வாய்விட்டுச் சிரித்தான். நாலு, சிவப்பு. சிரிப்பு நின்றது.

மொத்தம் இருபத்தேழு பச்சை. ஏழு சிவப்பு.

ஹம்னா சிவப்பு ஒவ்வொன்றையும் ஹெட்போனில் கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்துக் கேட்டாள். மூன்று செகண்டில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, அப்புறம் சேர்ந்தாற்போல் நாலு. ஒழுங்கே இல்லை. பசி எடுக்கிறபோது தின்கிற ஒன்றின் சத்தம்.

"ஏழு மரம் அண்ணாச்சி. நாலு, ஒன்பது, பத்து, பதினாறு, பதினேழு, முப்பது, முப்பத்துமூணு."

சொரிமுத்து எழுந்து வரிசையில் நடந்தார். ஒன்பதாம் மரத்தைத் தட்டினார். அண்ணாந்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"யம்மா, இதைப் பாத்தியளா? தோப்புலயே இதுதான் ராசா. குலையை எண்ணுங்க. இதுல புழுவாம்! அங்கன இருபத்திரெண்டைப் பாருங்க, மட்டை தொங்கிட்டு நிக்கி. அது பச்சையாம்! முந்தாநாள் எல்லாம் செவப்புன்ன மெஷின் இன்னைக்கு இப்படிச் சொல்லுது. நாளைக்கு நான் செவப்புன்னு சொல்லும்."

மங்களேஸ்வரி ஹம்னாவைப் பார்த்தாள். "ஏட்டி, ஒன்பதுல ஏதும் பாட்டு கீட்டு இல்லையே?"

"இல்ல அக்கா."

"எழுதுன வேகம் எல்லாம் சரியா இருந்துச்சா?"

"ஒரு இடத்துலயும் வெட்டு இல்ல. பதிஞ்சது முழுசா இருக்கு."

"நிச்சயமா?"

நாலு நாளாக நிச்சயம் என்று நினைத்த எல்லாமே பொய்த்திருந்தது. "கேட்டதைச் சொல்லுதேன் அக்கா," என்றாள். "உள்ள ஏதோ தின்னுட்டு இருக்கு."

மங்களேஸ்வரி சாவியைக் கைப்பைக்குள் போட்டாள்.

"ஒன்பதை வெட்டுங்க."

"யம்மா, யோசிச்சு..."

"அதுல இல்லைன்னா இந்தப் பிள்ளை பெட்டியைத் தூக்கிட்டுப் போயிரும், நீங்க வரிசையை வெட்டிக்கிடுங்க. இருந்துச்சுன்னா இது சொன்ன ஏழோட நிறுத்தணும். சரியா?"

சொரிமுத்து கயிற்றை இழுத்தார்.

ஆறு நிமிஷம். மரம் சரிந்தது. குலைகள் தரையில் மோதிச் சிதறின. சொரிமுத்து கொண்டைப் பக்கமாகப் போய் ரம்பத்தை இன்னொரு தடவை ஓட்டினார். தண்டு பிளந்தது. பிளந்ததும் ரம்பத்தை அமர்த்தினார்.

உள்ளே மஞ்சளாக, கூழாக, புளித்த நாற்றம். அதற்கு நடுவே வெள்ளையாக, கொழுத்து, ஒன்று, இரண்டு, ஐந்து, எட்டு. ஒன்று வெளிச்சம் பட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

விஜயசங்கர் ஜெயித்த சந்தோஷத்தில் கையைத் தூக்கப் போனான். மங்களேஸ்வரி முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டான்.

"உன் பெட்டி நல்ல மரமாப் பாத்துல்லா காட்டிக் கொடுக்கு," என்றாள் அவள். "இதுக்கு ஒரு வருஷம் முன்னாலயே வந்திருக்கக் கூடாதாட்டி?"



சொரிமுத்து தலைத்துண்டை உதறித் தோளில் போட்டார். "மிச்சம் ஆறையும் முடிச்சிருதேன். சுண்ணாம்பை மழை கழுவிக்கிடும். ஆனா அந்த இருபத்திரெண்டு..." என்று தொங்கும் மட்டையைப் பார்த்தார். "அது விழுந்தா அப்பப் பேசிக்கிடுவோம், பாப்பா."

"விழட்டும் அண்ணாச்சி. பேசுவோம்," என்றாள் ஹம்னா. ஆனால் இருபத்திரண்டின் பதிவை மட்டும் தனியாக எடுத்துவைத்துக்கொண்டாள். இன்னொரு தடவை கேட்க வேண்டும்.

மத்தியானம் பட்டறைக்குத் திரும்பினார்கள். பெட்டிகளைத் தோப்பில் மங்களேஸ்வரியே துடைத்து, ஒயர் கூடையில் அடுக்கிக் கொடுத்திருந்தாள். கூடை வழக்கத்தைவிடக் கனத்தது. விஜயசங்கர் மாடிப்படியில் மூச்சு வாங்கினான்.

மேலே ஒரு துணி. ஹம்னா விலக்கினாள்.

பன்னிரண்டு பெட்டிக்கும் மேல், ஒன்பதாம் மரத்துக் காய்கள். ஆறு. நார்கூட உரிக்காமல், ஈரம் சொட்டச் சொட்ட. அடியில் ஒரு பெட்டியின் டப்பா நசுங்கி, ஆணி ஒரு பக்கமாக வளைந்திருந்தது.

"அய்யோ, போர்டு!" என்று கத்தினாள் ஹம்னா. போனை எடுத்தாள். மங்களேஸ்வரி நம்பரைத் தட்டினாள். மணி அடித்தது.

"என்னட்டி, வந்து சேந்தாச்சா?"

கூடையைப் பார்த்தாள். காயைப் பார்த்தாள். திட்டுவதற்கு வாய் எடுத்தாள்.

"வந்து சேந்துட்டோம் அக்கா," என்றாள். "கூடையைத் திருப்பிக் குடுக்க நாளைக்கு வாரேன்."